கண்மாய்க்கும் குதிரைவாலிக்கும் துணை நின்றோருக்கு நன்றி

மதிப்பிற்குரிய பெரியோர்களுக்கும் ஊர் உறவுகளுக்கும் வணக்கம்.

பேரையூர்ப் பக்கத்துக் கரிசல் காட்டில் மானாவாரி வெள்ளாமை செய்யும் எங்கள் ஊர்க் குடும்பங்களின் சார்பில், எங்கள் மகளிர் குழு இம்மடலை எழுதுகிறது. முல்லைப் பெரியாற்றுப் பாசனம் மேலூர் வரை சென்றாலும் எங்கள் காடுகளுக்கு எட்டுவதில்லை; வடகிழக்குப் பருவமழையும், அது நிரப்பும் கண்மாயும், கண்மாய் நிறைந்தால் ஊறும் கிணறுகளுமே எங்களுக்குக் கதி. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பரவலாகப் பெய்ய வேண்டிய மழை, அண்மைக் காலமாக ஓரிரு நாளில் கொட்டித் தீர்த்துவிட்டுக் கதிர் பிடிக்கும் நேரத்தில் காயப்போடுகிறது. கொட்டுகிற அன்றே அதைத் தேக்க வேண்டும் என்பதை உணர்ந்து, கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால் தொடங்கி, மிகுநீர் வழிந்தோடும் கலிங்கு வரை சீமைக்கருவேல மரங்களை வேரோடு அகற்றித் தந்தவர்களுக்கு எங்கள் முதல் நன்றி. டீசல் செலவை மட்டும் பெற்றுக்கொண்டு ஜேசிபி ஓட்டிய தம்பியையும், திருப்பூரிலும் வளைகுடாவிலும் உழைத்த காசில் பங்கு அனுப்பிய பிள்ளைகளையும் மறக்க மாட்டோம். அள்ளிய வண்டலைக் குறுநிலக்காரர்கள் முதலில் எடுத்துக்கொள்ளட்டும் என்று ஒதுங்கி நின்ற பெரிய விவசாயிகளின் மனம் எல்லோருக்கும் வாய்ப்பதன்று.

மதுரை வேளாண்மைக் கல்லூரி உருவாக்கிய எம்.டி.யு. 1 என்னும் ரகத்தின் குதிரைவாலிச் சிறுதானிய விதையைத் தேடிக் கொண்டுவந்து, வரிசை விதைப்பை எங்களோடு காட்டில் இறங்கிச் செய்து காட்டிய இளைஞர்களுக்கும் நன்றி. குதிரைவாலியின் உமி லேசில் கழலாது. உரலில் குத்தி, புடைத்து, மறுபடி குத்தினாலும் உமியோடு மணிகள் மிஞ்சும். ஆகவே அறுத்த கையோடு உமி நீக்காத தவசமாகவே வியாபாரியிடம் போட்டுவிட்டு, அரிசியான பிறகு அதையே கடையில் கூடுதல் விலைக்கு வாங்கி வந்தோம். இன்று உமி நீக்கும் இயந்திரம் எங்கள் ஊரிலேயே ஓடுகிறது. புல்லுச்சேரியில் களஞ்சியம் என்னும் மகளிர் சேமிப்புக் குழுக்களைக் கட்டி எழுப்பி, 2019-இல் பத்மஸ்ரீ பெற்ற சின்னப்பிள்ளை அம்மாள் காட்டிய வழியில் நாங்கள் சிறுகச் சிறுகச் சேர்த்த தொகையையும் எங்கள் கணக்கேட்டையும் நம்பி, நிலப்பத்திரம் கேட்காமல் கடன் தந்த வங்கி மேலாளருக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். இட்லி மாவும் முறுக்கும் செய்து விற்கும் எங்கள் பெண்கள், கந்துவட்டிக்காரர் வாசலை மிதிக்காமல் தவணை கட்டி வருகிறார்கள்.

உதவ வந்த எவரும் தங்கள் திட்டத்தை எங்கள் மேல் திணிக்கவில்லை. எது முதலில் வேண்டும் என்று எங்களைக் கேட்டார்கள். அதற்காகவே இந்த நன்றியைப் பொதுவில் சொல்லத் தோன்றியது. தை அறுவடையில் முதலில் அரைக்கும் அரிசி உங்கள் வீடுகளுக்கு வரும். மறுக்காமல் பெற்றுக்கொள்ள வேண்டுகிறோம்.

நன்றியுடன்,
மகளிர் குழுவினரும் கண்மாய்ப் பாசன விவசாயிகளும்