மாடு வளர்ப்போர் கவனத்துக்கு

மசினகுடி குழு உறவுகளுக்கு வணக்கம். மாட்டைப் புலி அடித்துவிட்டால் ஆத்திரம் வரத்தான் செய்யும். பால் ஊற்றிப் பிழைக்கும் குடும்பத்துக்கு அது சின்ன இழப்பு இல்லை. ஆனாலும் செத்த மாட்டில் விஷம் மட்டும் வைத்துவிடாதீர்கள். 2023 செப்டம்பரில் அவலாஞ்சி பக்கம் அப்படி வைத்த விஷத்தில் இரண்டு புலிகள் செத்தன. நம் சீகூர் காட்டில் மிஞ்சியிருக்கும் பாறு கழுகுகளும் அதே இறைச்சியைத்தான் தின்னும்.

அடிபட்ட மாட்டை இழுத்துப் போடாதீர்கள், அருகே கூட்டம் கூடாதீர்கள். விட்டுப்போன இரையைத் தேடிப் புலி திரும்ப வரும். தூரத்திலிருந்து போட்டோ எடுத்து அன்றைக்கே வனச்சரக அலுவலகத்தில் சொல்லுங்கள். கால்நடை மருத்துவரின் சான்றையும் வாங்கி வையுங்கள், இழப்பீட்டுக்கு உதவும். மனு எழுதத் தெரியாதவர்கள் குழுவில் சொன்னால் எழுதித் தருகிறோம்.

தனியாக மேய்க்கப் போக வேண்டாம். உண்ணிச்செடிப் புதரோரம் குனிந்து வேலை செய்யவும் வேண்டாம். 2021இல் வனத்துறை டி23 என்று பெயர் வைத்திருந்த புலியால் நம் பக்கம் போன உயிர்களை மறக்க முடியுமா? வாரக்கணக்கில் தேடி, அக்டோபர் 15 அன்று அதை உயிரோடு பிடித்து மைசூருக்குக் கொண்டுபோனார்கள்.

புலியைப் பார்த்தால் இடமும் நேரமும் போட்டு உடனே இங்கே பதிவிடுங்கள். வேறு ஊர்ப் பழைய வீடியோக்களை அனுப்பாதீர்கள்.