பிளாக்கில் உமிச் சாம்பல் ஏன், எவ்வளவு? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

இந்த மாதம் முதல் நம் யார்டில் வார்க்கும் பேவர் பிளாக் (தரையில் பதிக்கும் கல்), சாலிட் பிளாக் (சுவர் கட்டும் கல்) இரண்டிலும் சிமெண்டில் பத்தில் ஒரு பங்கை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் நெல் உமிச் சாம்பல் சேர்க்கிறோம். "சிமெண்டைக் குறைத்துவிட்டு விலை மட்டும் அப்படியேவா?" என்று சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். சாம்பலைச் சலித்து அரைக்கும் கூலியிலேயே அந்த மிச்சம் கரைந்துபோகிறது.

ஒரு டன் நெல் அரைத்தால் சுமார் 200 கிலோ உமி. அதை எரித்தால் சுமார் 40 கிலோ சாம்பல். காங்கேயம் பக்கத்து ரைஸ் மில்களில் இது மலையாகக் கிடக்கிறது. ஆனால் கிடக்கிற சாம்பலெல்லாம் ஆகாது. சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. 500 முதல் 700 டிகிரிக்குள் எரிந்திருந்தால் அந்தச் சிலிக்கா வினை புரியும். சூடு அதற்கு மேல் போகப் போகப் படிகமாக இறுகி, வெறும் மணல் போலச் சும்மா கிடக்கும். அந்தத் தூள் நுரையீரலுக்கும் கெடுதல். கன்னங்கரேல் என்று இருந்தால் கரி மிச்சம். தண்ணீரையும், கலவையில் ஊற்றும் அட்மிக்சர் என்ற ரசாயனத்தையும் அதுவே குடித்துவிடும். இளஞ்சிவப்புச் சாயல் அடித்தால் சூடு மீறியது. வெளிர் சாம்பல் நிறச் சரக்கை மட்டும் எடுத்து, சிமெண்ட் அளவுக்கு நைசாக அரைக்கிறோம்.

சிமெண்ட் தண்ணீரோடு சேர்ந்து இறுகும்போது சுண்ணாம்பு மிஞ்சும். அந்தச் சுண்ணாம்போடு சிலிக்கா சேர்ந்து மேலும் பசையாகிறது. அதனால் கல்லில் வெள்ளை உப்பு பூப்பதும் குறையும். ஆனால் இந்த வேலை மெதுவாக, ஈரம் இருக்கும்வரைதான் நடக்கும். முதல் வாரத்தில் பலம் பின்தங்கி, பிறகுதான் எட்டிப்பிடிக்கும். எனவே குறைந்தது 14 நாள் நனைத்து, 28 நாள் ஆன பிறகே பேவர் லோடு ஏற்றுவோம். அவசரம் என்று பத்தாம் நாள் வண்டி அனுப்பாதீர்கள், கொடுக்க மாட்டோம்.

கலவைக் கணக்கு இதுதான்: 45 கிலோ ஓ.பி.சி. (சாதாரண போர்ட்லண்ட்) 53 கிரேடு சிமெண்டுக்கு 5 கிலோ சாம்பல். எடை போட்டுத்தான் எடுக்க வேண்டும். சாம்பல் லேசானது, சட்டிக் கணக்கில் அள்ளினால் அளவு தப்பிவிடும். சிமெண்டையும் சாம்பலையும் உலர்வாக நிறம் ஒன்றாகும்வரை கலந்த பிறகே எம்-சாண்டும் (கல்லை உடைத்து எடுக்கும் மணல்) சிப்ஸும் (சின்ன ஜல்லி) போடுவோம். கலவை வறட்சியாகத் தெரிகிறதே என்று ஆள் ஒரு குடம் கூடுதலாக ஊற்றினால் போச்சு, பலம் அங்கேயே இறங்கிவிடும். பி.பி.சி. (போஸோலானா போர்ட்லண்ட்) சிமெண்டில் ஏற்கெனவே நிலக்கரிச் சாம்பல் இருப்பதால் அதோடு இதைச் சேர்ப்பதில்லை.

இதைப் பார்த்துவிட்டு வீட்டுத் தளத்துக்கும் தூணுக்கும் சாம்பல் வாங்கிப் போடலாமா என்கிறவர்களுக்கு: கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456:2000 உமிச் சாம்பலை அனுமதிக்கிறது, ஆனால் பொறுப்பான பொறியாளரின் ஒப்புதலோடு. கொத்தனாரின் கைக்கணக்கில் வேண்டாம். நாங்கள் சாம்பலைத் தனியாக விற்பதும் இல்லை.

முட்டை ஓடு பற்றியும் கேட்கிறீர்கள், நாமக்கல் பக்கத்தில் இருந்துகொண்டு கேட்காமல் இருப்பீர்களா! ஓட்டில் 90 சதவீதத்துக்கு மேல் கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புக்கல் சரக்கு. சூளையில் வேகாத சுண்ணாம்புக்கல் தானாகப் பிடிக்காது. நைசாக அரைத்தால் இடுக்கை அடைக்கும், அவ்வளவே. உள்சவ்வை உரிக்காமல் அரைத்தால் நாற்றம் வேறு. நாங்கள் தொடவில்லை.

மற்ற சமையலறைக் கழிவை அப்படியே காயவைத்துக் கலவையில் போடுவது ஆபத்து. அதில் உள்ள சர்க்கரைதான் எதிரி: ஒரு மூட்டை சிமெண்டுக்கு 25 கிராம் சேர்ந்தாலே இறுகுவது மணிக்கணக்கில் தள்ளிப்போகும், கால் கிலோ சேர்ந்தால் கலவை பிடிக்காமலே போகலாம்.

புதுக் கல்லின் நிறம் பழையதோடு ஒத்துப்போகாது. போட்ட தரையை நீட்டுவதாக இருந்தால் பழைய கல் ஒன்றைக் கையோடு கொண்டு வாருங்கள். சாம்பல் இல்லாத கலவையில் தனியாக வார்த்துத் தருகிறோம். அதற்கும் 28 நாள் முன்பே சொல்லிவிட வேண்டும்.

இப்படிக்கு,
யார்டு நிர்வாகம்