மரபணு மாறவில்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

விண்வெளிச் செய்தி என்றால் ராக்கெட் படத்தோடு முடிந்துவிடுகிறது. போய்த் திரும்பியவரின் உடம்புக்குள் என்ன நடந்தது என்பதையும் எழுதுங்கள்.

அமெரிக்க விண்வெளி வீரர் ஸ்காட் கெல்லி 2015-16இல் 340 நாள் பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் இருந்தார். அவருடைய இரட்டைச் சகோதரர் மார்க் தரையில். இருவரையும் ஒப்பிட்ட ஆய்வு 2019இல் 'சயின்ஸ்' இதழில் வெளியானது. மரபணுக்களைத் தாங்கும் குரோமோசோமின் நுனியில் காப்புமுனையாக உள்ள டெலோமியர், வயது ஏற ஏறக் குறுகும். ஸ்காட்டுக்கோ மேலே இருந்தவரை நீண்டது! தரையிறங்கியதும் மளமளவென்று குறுகியது. குட்டையான டெலோமியர்கள் முன்பைவிடக் கூடிவிட்டன.

என்னை அதிகம் உலுக்கியது வேறு. திரும்பிய பிறகு அறிவுத்திறன் சோதனைகளில் அவருடைய வேகமும் துல்லியமும் குறைந்தன. 6 மாதம் ஆகியும் சரியாகவில்லை. புவியீர்ப்புக்கு மறுபடி பழகுவதும், வந்ததும் குவிந்த வேலைகளும் காரணமாக இருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

'மரபணுவே 7% மாறிவிட்டது' என்று 2018இல் பல ஊடகங்கள் எழுதின. மாறியது மரபணு அல்ல, அது செயல்படும் அளவு. நாசா விளக்கம் தந்தும், என் மாணவர்கள் அந்தப் பழைய தலைப்பைத்தான் ஒப்பிக்கிறார்கள். இது ஒரே ஒருவரின் உடம்பில் கண்டது என்பதும் அவர்களுக்குத் தெரியவில்லை. இதற்கு அரைப்பக்கமாவது ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
விலங்கியல் ஆசிரியை ஒருவர்