நாடுகளின் நுண்ணறிவுப் பட்டியல்: தடையும் வேண்டாம், தலையாட்டலும் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

நாடுகளை நுண்ணறிவு ஈவின்படி (IQ) வரிசைப்படுத்திய பட்டியலொன்று அண்மையில் தங்கள் ஞாயிறு பதிப்பில் வெளியானதையும், இத்தகைய பேச்சுக்குப் பத்திரிகையில் இடமே கொடுக்கக் கூடாதென வாசகர் ஒருவர் மறுவாரம் எழுதியிருந்ததையும் படித்தேன். உயர்தர வகுப்புகளுக்கு நீண்டகாலம் உயிரியல் கற்பித்தவன் என்ற வகையில் அவருடைய கோபம் எனக்கு விளங்குகிறது. அவர் கேட்கும் தடையைத்தான் ஏற்க முடியவில்லை.

1969இல் அமெரிக்க உளவியலாளர் ஆதர் ஜென்சன், கறுப்பின, வெள்ளையினப் பிள்ளைகளின் சராசரி நுண்ணறிவுப் புள்ளிகளுக்கிடையே காணப்பட்ட வேறுபாட்டில் பரம்பரைக்கும் பங்கிருக்கக்கூடும் என்று எழுதியபோது, அவருக்கு எதிராக ஆர்ப்பாட்டங்கள் நடந்தன, மிரட்டல்களும் வந்தன. அவற்றால் அவருடைய வாதம் ஓர் அங்குலமும் நகரவில்லை. நியூசிலாந்தில் அரசியல் விஞ்ஞானம் கற்பித்த ஜேம்ஸ் பிளின், ஜென்சனுடன் முற்றிலும் முரண்பட்டிருந்தும், அவர் வாயை மூடச் சொல்லாமல் பழைய பரீட்சைத் தரவுகளைத் தேடியெடுத்துப் படித்தார். பல நாடுகளில் நுண்ணறிவு ஈவின் சராசரி பத்தாண்டுக்கு ஏறத்தாழ 3 புள்ளி ஏறி வந்திருப்பதை 1980களில் அவர் எடுத்துக்காட்டினார். ஒரு சமூகத்தின் மரபணுக்கள் இரண்டு தலைமுறைக்குள் அவ்வாறு மாறிவிடுவதில்லை. பாடசாலையும் உணவும் வாழ்க்கை முறையும் மாறிவிடுகின்றன. தடை கேட்டுக்கொண்டிருந்திருந்தால் இந்தச் செய்தி நமக்குக் கிடைத்திருக்காது.

பரம்பரைக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஒரே சமூகத்துக்குள் ஆளுக்கு ஆள் காணப்படும் வேறுபாட்டில் அதற்குக் கணிசமான பங்குண்டு. ஆனால் அதை வைத்து இரண்டு சமூகங்களுக்கிடையிலான வேறுபாட்டுக்கும் அதுவே காரணமெனச் சொல்ல முடியாது என்பதை மரபியலாளர் ரிச்சர்ட் லெவொன்டின் விதைகளை வைத்து விளக்கினார். நம் ஊர்க் கணக்கில் சொன்னால், ஒரே சாக்கு விதைநெல்லில் பாதியைக் குளத்து நீர் பாயும் வயலிலும் மீதியை உவர் நிலத்திலும் விதைத்தால், ஒரு வயலுக்குள் கதிருக்குக் கதிர் உள்ள பேதத்தை விதையில் தேடலாம், வயலுக்கு வயல் உள்ள பேதத்தை மண்ணில்தான் தேட வேண்டும்.

இதில் நாம் தமிழர்கள் கொஞ்சம் கூச்சப்பட வேண்டிய இடமும் உண்டு. 1970களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதிக்கு மொழிவாரியாக வெவ்வேறு வெட்டுப்புள்ளி வைக்கும் தரப்படுத்தல் இலங்கையில் வந்தபோது மருத்துவ பீடத்துக்குத் தமிழ் மாணவருக்கு 400க்கு 250, சிங்கள மாணவருக்கு 229 என வெட்டுப்புள்ளி வைக்கப்பட்டது அப்பட்டமான அநீதி. ஆனால் அதை எதிர்த்துப் பேசிய நம்மவர் பலர், ‘எங்கட பிள்ளைகளுக்கு மூளை அப்படி’ என்று வீட்டுத் திண்ணையில் சொல்லிக்கொண்டதை நானே கேட்டு வளர்ந்தேன். மறுபக்கத்தில், தமிழ்ப் பரீட்சகர்கள் புள்ளியை அள்ளிப் போட்டார்கள் என்ற வதந்தி. 1823இலேயே வட்டுக்கோட்டையில் மிஷனரிமார் செமினரி என்ற உயர்கல்விக்கூடம் தொடங்கியதையும், வேறு தொழில் வாய்ப்புக் குறைந்த வறண்ட யாழ்ப்பாணக் குடாநாட்டில் அரச உத்தியோகமே பிழைப்புக்கு வழியாக இருந்ததையும் இரு தரப்பிலும் எத்தனை பேர் எண்ணிப் பார்த்தார்கள்? மூளைதான் காரணமென்றால், அதே தமிழைப் பேசிய மலையகப் பிள்ளைகள் அக்காலத்தில் பல்கலைக்கழக வாசலைக்கூட அரிதாகவே மிதித்தது ஏன்? அவர்கள் தேயிலைத் தோட்டத்து லயன் அறையில் விளக்கு வெளிச்சத்தில் படித்தவர்கள் என்பதைத் தவிர வேறு விடை எனக்குத் தெரியவில்லை.

இப்போது வெள்ளவத்தையில் என் பேத்தியைத் தரம் 5 புலமைப்பரிசில் வகுப்புக்குக் கூட்டிச் சென்று வருகிறேன். நுண்ணறிவை அளப்பதாகச் சொல்லப்படும் முதலாம் வினாத்தாளுக்கான பயிற்சியில், கண்ணாடியில் தெரியும் மணிக்கூட்டின் நேரத்தைக் கேட்கும் வினாவுக்கு அவள் படத்தைச் சரியாகப் பார்க்காமலே விடையைக் கீறினாள். எப்படியென்று கேட்டதற்கு, ‘தாத்தா, இதை நாங்கள் எத்தனையோ மொடல் பேப்பரில செய்திட்டம், பன்னிரண்டிலயிருந்து கழிச்சாச் சரி’ என்றாள். மாதிரி வினாத்தாளையே கண்டிராத மொனராகலைப் பிள்ளையொன்று அதே வினாவில் திணறினால், நாம் அளந்தது எதை? 1905இல் முதற் பரீட்சையை உருவாக்கிய பிரான்சிய அறிஞர் அல்பிரட் பினே, வகுப்பில் உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டுபிடிக்கவே அதைச் செய்தார். பிள்ளையின் அறிவு மாறாத ஓர் அளவு என்ற கருத்தை அவரே மறுத்தார்.

நாடுகளின் பட்டியலுக்கு வருகிறேன். இவ்வகைப் பட்டியல்களுக்கு மூலமான ரிச்சர்ட் லின், டட்டு வான்ஹானன் ஆகியோரின் 2002ஆம் ஆண்டு நூலில் 185 நாடுகளுக்கு எண் தரப்பட்டிருந்தாலும், பரீட்சைத் தரவு இருந்தது 81 நாடுகளுக்கு மட்டுமே. எஞ்சிய நாடுகளுக்குப் பெரும்பாலும் அயல்நாடுகளின் சராசரியைக் கொண்டு மதிப்பிட்டு எண் கொடுத்திருந்தார்கள். ஆனாலும் தங்கள் பதிப்பில் வந்த பட்டியலை நீக்குமாறு நான் கோரவில்லை. அதில் இலங்கைக்குத் தரப்பட்டுள்ள எண் எந்த ஆண்டில், எந்தப் பாடசாலைகளில், எந்த மொழியில், எத்தனை பிள்ளைகளிடம் நடத்திய பரீட்சையிலிருந்து வந்தது என்பதைக் கட்டுரையாளர் அடுத்த ஞாயிறு பதிப்பில் தெரிவிப்பாரா?

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.