அரைக்கால் மில்லிகிராம்

குலசேகரம்,
ஞாயிற்றுக்கிழமை மாலை.

அன்பு மகளுக்கு,

வியாழக்கிழமை இரவு நீ பேசி வைத்த பிறகு எனக்கு வெகுநேரம் உறக்கம் பிடிக்கவில்லை. வெளிநாட்டில் செவிலியராகப் பதிவு செய்வதற்கான தேர்வில் மருத்துவப் பகுதியை எளிதாகக் கடந்துவிட்டு, கணக்குப் பகுதியில் மட்டும் சறுக்கிவிட்டதாகச் சொன்னாய். அதுகூடப் பெரிதாகத் தோன்றவில்லை. "பின்னமும் தசமமும் எனக்குச் சின்ன வயசிலேயே வராதுதானே அப்பா" என்று நீ சிரித்துக்கொண்டே சொன்னதுதான் உறுத்தியது. அது உனக்கு வராமல் போனதில் என் பங்கு பெரிது. அதை நேரில் சொல்லக் கூச்சமாக இருப்பதால் எழுதுகிறேன்.

நீ ஆறாம் வகுப்பில் படித்தபோது ஒரு மழைநாள் இரவில் 6-ஐ 1/2-ஆல் வகுக்கச் சொன்னேன். நீ 3 என்று எழுதினாய். "பின்னத்தைத் தலைகீழாக்கிப் பெருக்கு" என்று அதட்டினேன். 12 என்று எழுதிவிட்டு, "வகுத்தால் குறையத்தானே வேண்டும், இது ஏன் கூடுகிறது?" என்று கேட்டாய். கடையில் பகல் முழுவதும் கணக்கெழுதிவிட்டு வந்த அலுப்பில், கேள்வி கேட்காமல் விதியைப் படி என்று சொல்லி உன் தலையில் ஒரு குட்டும் வைத்தேன். அந்த வாரத்தில் என் காதில் விழுந்த கேள்விகளிலேயே அறிவுள்ள கேள்வி அதுதான் என்பது எனக்கு உறைக்கப் பல ஆண்டுகள் ஆயின.

அன்று சொல்லியிருக்க வேண்டிய பதில் நம் அடுக்களையிலேயே இருந்தது. ஆச்சி அரிசி அளந்த நாழி, உரி, உழக்கு, ஆழாக்கு நான்கும் உனக்கு நினைவிருக்கும். இரண்டு உரி ஒரு நாழி. நான்கு உழக்கு ஒரு நாழி. எட்டு ஆழாக்கு ஒரு நாழி. ஆறு நாழி அரிசியை உரியால் அளந்தால் எத்தனை முறை அளக்க வேண்டியிருக்கும் என்பதுதான் 6-ஐ 1/2-ஆல் வகுப்பதன் பொருள். அளக்கும் பாத்திரம் சிறுத்தால் அளக்கும் தடவை கூடத்தானே செய்யும்? உரியால் 12 தடவை, உழக்கால் 24 தடவை, ஆழாக்கால் 48 தடவை. "தலைகீழாக்கிப் பெருக்கு" என்ற விதி இந்த அளப்பைச் சுருக்கி எழுதியதுதான். 6-ஐ 0.125-ஆல் வகுக்கச் சொன்னால் தாளில் மிரட்டுவதுபோல் தெரியும். ஆறு நாழியை ஆழாக்கால் அளக்கச் சொன்னால் நீ வாயாலேயே 48 என்பாய். இரண்டும் ஒரே கணக்கு.

ஆழாக்கை அரைக்கால் நாழி என்றும் சொல்லலாம். அரைக்கால் என்ற சொல்லை நீ நன்றாகப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது என் விருப்பம். காலில் பாதி, அதாவது 1/8, அதாவது 0.125. உன் தொழிலில் இந்த எண் எத்தனை வேடத்தில் வருகிறது என்று நீயே பார். எனக்கு எழுதிக் கொடுத்திருக்கும் இதய மாத்திரையான டிகாக்சின் ஒன்றில் 0.25 மில்லிகிராம், அதாவது கால் மில்லிகிராம் இருக்கிறது. தினம் பாதி மாத்திரை என்றால் 0.125 மில்லிகிராம், அதாவது 125 மைக்ரோகிராம், அதாவது அரைக்கால் மில்லிகிராம். ஒரு லிட்டர் சலைனை எட்டு மணி நேரத்தில் ஏற்ற வேண்டுமென்றால் மணிக்கு 125 மில்லிலிட்டர், அதாவது அரைக்கால் லிட்டர். நம் வீட்டுப் பட்டாவில் பரப்பு 0 - 12.50 என்று இருப்பதைப் பார்த்திருப்பாய், அது 12.50 ஏர், அரைக்கால் ஹெக்டேர். (உன் மாமா அதைப் பன்னிரண்டரை சென்ட் என்று வாசித்துவிட்டு ஒரு நாள் முழுவதும் என்னோடு வாதாடினார். ஓர் ஏர் ஏறக்குறைய 2.47 சென்ட் என்பதால் நிலம் கிட்டத்தட்ட 31 சென்ட்.) பின்னம் ஒரு பாடம், தசமம் வேறொரு பாடம் என்று புத்தகங்கள் இரண்டு அத்தியாயங்களாகப் பிரித்து வைத்திருக்கின்றன. இரண்டும் ஒரே அளவுக்கு இரண்டு பெயர்கள் என்று மனத்தில் பதிந்தால்தான் எது எளிதோ அதற்கு மாறிக்கொண்டு கணக்கிட வரும்.

உன் தாத்தா திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடி மனப்பாடம் செய்தவர். மா என்றால் 1/20, காணி என்றால் 1/80, முந்திரி என்றால் 1/320 என்று உறக்கத்தில் கேட்டாலும் சொல்வார். தசம எண்களை மட்டும் அவர் கடைசிவரை நம்பவில்லை. அதற்கு ஒரு காரணமும் இருந்தது. நம் பகுதி 1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலிருந்து பிரிந்து அன்றைய சென்னை மாநிலத்தோடு வந்து சேர்ந்தது; ஐந்து மாதம் கழித்து, 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்கு 100 நயா பைசா என்றாயிற்று. பதினாறு அணா 100 பைசா என்றால் ஓரணாவுக்கு 6.25 பைசா வர வேண்டும். மாற்றும்போது கையில் கிடைத்தது 6 பைசா. "அந்தக் கால் பைசா எங்கே போச்சு?" என்று அவர் பல காலம் கேட்டுக்கொண்டிருந்தார். முழுமையாக்கல் என்று நீங்கள் இப்போது படிப்பதன் மேல் அவருக்கு இருந்த மனத்தாங்கல் அது. அதற்கும் முன்பு திருவிதாங்கூர் சமஸ்தானத்து ரூபாய்க்கு 28 சக்கரம். ஒரு சக்கரத்தை ரூபாயின் தசமமாக எழுதிப் பார்: 0.0357142857 என்று போய்க்கொண்டே இருக்கும், முடியாது. 28-க்குள் ஒரு 7 ஒளிந்திருப்பதே காரணம். பின்னத்தைச் சுருக்கிய பிறகு பகுதியில் 2, 5 தவிர வேறு பகாக் காரணி இருந்தால் தசமம் முடிவதில்லை. 320 முழுவதும் இரண்டுகளும் ஓர் ஐந்தும் சேர்ந்தது என்பதால் முந்திரி 0.003125 என்று ஒழுங்காக முடிந்துவிடுகிறது. இதைத் தாத்தா இருக்கும்போது நான் கண்டுபிடித்திருந்தால் தசமத்தோடு அவரைச் சமாதானம் செய்து வைத்திருப்பேன்.

இனி என் தவறு ஒன்றைச் சொல்கிறேன். ரப்பர் கடையில் நான் கணக்கெழுதச் சேர்ந்த புதிதில் நடந்தது. ரப்பர் பாலை எடை போட்டு, அதில் காய்ந்த ரப்பர் எத்தனை சதவீதம் என்று மாதிரி எடுத்துப் பார்த்து, அந்தச் சதவீதத்துக்குத்தான் விலை போடுவோம் என்பது உனக்குத் தெரியும். ஓர் அம்மா கொண்டுவந்த பால் 24.8 கிலோ, சதவீதம் 36.5. நான் கணிப்பானில் 24.8-க்குப் பதிலாக 2.48 என்று தட்டிவிட்டேன். வந்த 0.9052 என்பதை அப்படியே சீட்டில் எழுதி நீட்டினேன். அவர் பள்ளிக்கூடமே போகாதவர். சீட்டைப் பக்கத்தில் நின்றவரிடம் காட்டி வாசிக்கச் சொல்லிவிட்டு, "இருபத்தஞ்சு கிலோ பாலுக்கு ஒரு கிலோ ரப்பர் இல்லையா அண்ணாச்சி?" என்று கேட்டார். நான் இறங்கி வரவில்லை. இயந்திரம் பொய் சொல்லாது என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன். முதலாளி வந்து பார்த்து, அவரிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னபோது காது வரை சூடேறியது.

அவர் செய்தது என்ன? பாலில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலே ரப்பர் தேறும் என்பது அவர் கைக்குத் தெரியும். 25-இல் மூன்றில் ஒன்று எட்டுக்கு மேல்; ஆகவே ஒன்று என்பது பொய். அன்று முதல் கணிப்பானைத் தொடுவதற்கு முன் நானும் மனத்தில் ஒரு விடையை வைத்துக்கொள்ளப் பழகினேன். 36.5 சதவீதம் என்பது காலே அரைக்காலுக்கு, அதாவது 3/8-க்கு, அதாவது 0.375-க்குச் சற்றுக் குறைவு. 24.8-இன் அரைக்கால் 3.1, மூன்று அரைக்கால் 9.3. அப்படியானால் விடை ஒன்பதை ஒட்டி இருக்க வேண்டும். பெருக்கினால் 9.052. தசமப் புள்ளி தவறும்போது விடை பத்து மடங்கு கூடும் அல்லது பத்தில் ஒன்றாகும். தோராயமாக மதிப்பிடத் தெரிந்தவன் கண்ணிலிருந்து பத்து மடங்குத் தவறு தப்பாது. ரப்பரில் அது பணத்தோடு போயிற்று. உன் கையில் இருப்பது ஊசி. 0.125 மில்லிகிராம் 1.25 ஆனால் என்ன ஆகும் என்பதை நான் உனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. புள்ளிக்கு முன்னால் பூச்சியம் போட்டு 0.5 என்றே எழுத வேண்டும், முழு எண்ணுக்குப் பின்னால் 5.0 என்று வால் பூச்சியம் சேர்க்கக் கூடாது என்று நீ முதல் ஆண்டில் படித்துவிட்டு வந்து எங்களிடம் சொன்னாயே, அது .5 என்பது 5 என்றும், 5.0 என்பது 50 என்றும் கண்ணில் பட்டுவிடும் என்பதால்தானே? பயிற்சிக் காகிதத்திலும் அப்படியே எழுது. பழக்கம் இடத்துக்கு இடம் மாறக் கூடாது.

நீ புகைப்படம் எடுத்து அனுப்பிய பயிற்சித் தாளை இரண்டு முறை பார்த்தேன். வாய்பாட்டில் நீ தவறவில்லை. ஓர் இடத்தில் 1/2-ஐயும் 1/3-ஐயும் கூட்டி 2/5 என்று எழுதியிருக்கிறாய். அது பாதியைவிடக் குறைவு. பாதியோடு இன்னொரு பங்கைக் கூட்டிய பிறகு பாதிக்கும் கீழே போக முடியுமா? பகுதிகளை 6 ஆக்கினால் மூன்றும் இரண்டும் சேர்ந்து 5/6. இன்னோர் இடத்தில் 0.45-ஐ 0.6-ஐவிடப் பெரியது என்று குறித்திருக்கிறாய். 45-க்கும் 6-க்கும் நடக்கும் சண்டையாக அதைப் பார்த்திருக்கிறாய். 0.60 என்று எழுதிப் பார்த்தால் சண்டை தீர்ந்துவிடும். சொட்டுக் கணக்கில்தான் உன் வேலை அழகாக இருக்கிறது: ஒரு லிட்டர், எட்டு மணி நேரம், ஒரு மில்லிலிட்டருக்கு 20 சொட்டு என்பதை 41.67 என்று கண்டு, நிமிடத்துக்கு 42 சொட்டு என்று முழுமையாக்கியிருக்கிறாய். மணிக்கு 125 மில்லிலிட்டர் என்றால் நிமிடத்துக்கு இரண்டுக்குச் சற்று மேல், ஆகவே நாற்பது சொட்டுக்குச் சற்று மேல் என்று ஓரத்தில் பென்சிலால் முன்பே எழுதியிருந்தால் எனக்கு இன்னும் மகிழ்ச்சியாக இருந்திருக்கும்.

இனிப் பயிற்சியைப் பற்றி. ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் நூறு கணக்குப் போடுவதை நிறுத்திவிடு. பணிக்குக் கிளம்புவதற்கு முன் பத்துக் கணக்கு போதும், ஆனால் ஒரு நாளும் விடக் கூடாது. பத்தும் ஒரே வகையாக இருந்தால் மூன்றாவது கணக்கிலிருந்து கை மட்டும் வேலை செய்யும், மனம் தூங்கிவிடும். ஆகவே கூட்டல், வகுத்தல், அளவு மாற்றல், மருந்தளவு எல்லாவற்றையும் கலந்து எழுதிக்கொள். ஒவ்வொன்றுக்கும் முதலில் இடது ஓரத்தில் மதிப்பீடு, பிறகு கணக்கு, பிறகு விடையிலிருந்து திரும்பிப் போய்ச் சரிபார்ப்பு. தவறினால் அழிக்காதே, பக்கத்தில் எந்த வகைத் தவறு என்று ஒரு சொல் எழுதி வை. இரண்டு வாரத்தில் உன் தவறுகள் இருபது வகை அல்ல, இரண்டோ மூன்றோ வகைதான் என்று உனக்கே தெரிந்துவிடும். பாதி, கால், அரைக்கால், வீசம், ஐந்தில் ஒன்று, மூன்றில் ஒன்று ஆகியவற்றின் தசமங்களை மட்டும் மனப்பாடம் செய், வீசம் 0.0625 என்பது நினைவில் நிற்காவிட்டால் அரைக்காலில் பாதி எடு.

என்னைப் பற்றிக் கவலைப்படாதே. அம்மா காலையில் சவரக் கத்தியால் மாத்திரையை நடுக்கோட்டில் உடைத்துத் தருகிறாள். மற்றப் பாதியைச் சின்ன எவர்சில்வர் சிமிழில் போட்டு மூடி வைக்கிறாள். இன்றைய பாதியை விழுங்கிய பிறகு எண்ணிப் பார்த்தோம்: அட்டையில் முழு மாத்திரை ஏழு, சிமிழில் பாதி ஒன்று. நாளை முதல் தினம் 0.125 மில்லிகிராம் வீதம் இது எத்தனை நாளைக்கு வரும், எந்தக் கிழமையில் நான் குலசேகரம் சந்திப்பில் இருக்கும் மருந்துக் கடைக்குப் போக வேண்டும் என்பதை மதிப்பீட்டோடு எழுதி அனுப்பு. நீ சொல்லும் நாளில்தான் போவேன்.

அன்புடன்,
அப்பா