பூட்டிய அலுவலகமும் கிடைக்காத கூலியும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்க அரசு நிர்வாகம் 2025 அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை 43 நாள் முடங்கியது குறித்த தங்கள் கட்டுரை, ஊழியர்களுக்குச் சம்பள நிலுவை வந்துவிடும், ஆகவே பெரிய நஷ்டமில்லை என்ற தொனியில் முடிந்திருந்தது. 2019இல் வந்த சட்டப்படி நிலுவை என்பது அரசின் நேரடி ஊழியர்களுக்கு மட்டும்தான். அதே கட்டடங்களில் தரை துடைப்பவர்களும் வாசல் காவலாளிகளும் கேன்டீன் சமையல்காரர்களும் பெரும்பாலும் ஒப்பந்த நிறுவனங்களின் ஆட்கள். வேலை நடந்த நேரத்துக்குத்தான் நிறுவனம் பில் போட முடியும். அலுவலகம் பூட்டிக்கிடந்தால் பில்லும் இல்லை, கூலியும் இல்லை. இவர்களுக்கும் நிலுவை தரச் சொல்லும் மசோதா அமெரிக்க நாடாளுமன்றத்தில் பலமுறை கொண்டுவரப்பட்டும் நிறைவேறவில்லை.

எது மூடும், எது ஓடும் என்பது அந்தத் துறைக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தது. ஆண்டுதோறும் 12 ஒதுக்கீட்டு மசோதாக்கள் செப்டம்பர் 30க்குள் நிறைவேற வேண்டும். அல்லது இடைக்கால ஏற்பாடாவது வேண்டும். இரண்டும் இல்லையென்றால் செலவு செய்வதே சட்ட விரோதம். உயிரையும் உடைமையையும் பாதுகாக்கும் வேலைகளுக்கு மட்டும் விலக்கு. முதியோர் ஓய்வூதியத்துக்கு நிரந்தரச் சட்டம் இருப்பதால் அது நிற்காது. தபால்துறை தன் வருமானத்தில் ஓடுகிறது. நம் நாட்டில் அரசியல் சட்டத்தின் 116ஆம் பிரிவு முன்பண மானியத்துக்கு, அதாவது பட்ஜெட் முழுதாக நிறைவேறும்வரை செலவுக்கு முன்கூட்டியே தரும் ஒப்புதலுக்கு, வழி செய்கிறது. அதையும் மீறி நிதி மசோதா தோற்றால் கவிழ்வது ஆட்சிதான், அலுவலகம் அல்ல.

விலக்கு பெற்ற வேலை என்றால் சம்பளம் உண்டு என்று பலர் நினைக்கிறார்கள். வேலைக்கு வர வேண்டும், சம்பளம் பிறகு என்பதே அதன் பொருள். விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களுக்கு இரு வாரத்துக்கு ஒருமுறை சம்பளம். அக்டோபர் நடுவில் அரைகுறையாக வந்தது, அதன்பின் பூஜ்யம். ஆள் பற்றாக்குறையால் அவர்களில் பலர் ஏற்கெனவே வாரம் ஆறு நாள், நாளுக்குப் பத்து மணி நேரம் உழைத்தவர்கள். ரேடார் திரைக்கு முன் ஆள் குறைந்தால் விமானங்களுக்கு இடையிலான இடைவெளியைக் கூட்டியாக வேண்டும், வேறு வழியில்லை. அதனால்தான் நவம்பர் 7 முதல் 40 பெரிய விமான நிலையங்களில் சேவையைக் குறைக்க உத்தரவு வந்தது, முதலில் 4 சதவீதம். 2019 ஜனவரி 25 அன்று இதே காரணத்தால் நியூயார்க்கின் லாகார்டியா விமான நிலையத்துக்கு வரும் விமானங்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. அப்போதைய 35 நாள் முடக்கம் அன்றே முடிவுக்கு வந்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

சுமார் 4.2 கோடிப் பேர் நம்பியிருக்கும் உணவு உதவித் திட்டம் நவம்பரில் தடுமாறியதைத் தங்கள் கட்டுரை ஒரு வரியில் கடந்துவிட்டது. அட்டையில் மாதம் ஒருமுறைதான் பணம் ஏறும். அது தள்ளிப்போனால் மளிகைக்குக் கையில் எதுவும் இருக்காது. வழக்குகளும் மாறிமாறி வந்த உத்தரவுகளும் சேர்ந்து, சில மாநிலங்களில் முழுத்தொகை, சிலவற்றில் ஒரு பகுதி, சிலவற்றில் ஒன்றுமில்லை என்றாயின.

அக்டோபர் மாத வேலையின்மை விகிதம் வெளிவரவே இல்லை. குறிப்பிட்ட ஒரு வாரத்தில் வேலை பார்த்தீர்களா என்று வீடுகளில் கேட்டுக் கணக்கிடுவது அது. கேட்க ஆள் இல்லாமல் போன வாரத்தைப் பிறகு சரிசெய்ய முடியாது.

நம்மூர்க் குடும்பங்களைத் தொடுவது எச்-1பி விஷயம், அதாவது அமெரிக்க நிறுவனம் மனுப்போட்டு வெளிநாட்டவருக்கு வாங்கித் தரும் வேலை விசா. சென்னைத் துணைத் தூதரகத்தின் விசா பணியும் குடியேற்றத் துறையும் கட்டண வருவாயில் நடப்பவை, ஆகவே திறந்திருந்தன. ஆனால் மனுவோடு இணைக்க வேண்டிய தொழிலாளர் துறைச் சான்று ஆண்டு ஒதுக்கீட்டில் நடப்பது. அந்தச் சான்றுக்கான இணையதளம் அக்டோபர் முழுக்க முடங்கி, மாதக் கடைசியில்தான் திறந்தது. சான்று இல்லாமல் புதிய மனுவும் போட முடியாது, நீட்டிப்பும் கேட்க முடியாது. இருக்கும் அனுமதி காலாவதியாகும் முன் நீட்டிப்பு மனு போய்ச் சேர்ந்திருந்தால் 240 நாள் வரை வேலையில் தொடரலாம். சேராவிட்டால் வேலையை நிறுத்த வேண்டியதுதான். முடக்கத்தால் தாமதம் என்று காட்டினால் குடியேற்றத் துறை ஏற்கலாம், ஆனால் ஏற்றே தீர வேண்டும் என்று கேட்க முடியாது. ஆறு மாதம் முன்பே மனு செய்ய விதி இடம் தருகிறது. சான்று கிடைக்கச் சாதாரண நாளிலேயே ஏழு வேலை நாள் ஆகும். அக்டோபர், நவம்பரில் காலாவதியாகிறவர்கள் ஆகஸ்டிலேயே நிறுவனத்தின் வழக்கறிஞரைக் கேட்டுச் சான்றை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

இப்படிக்கு,
கருவூலத் துறையில் ஓய்வு பெற்ற வாசகர்,
திருச்சி.