பூட்டும் உங்களிடம், சாவியும் உங்களிடம்

எங்கள் ஊருக்கு ஃபைபர் இணைப்பு தரும் நிறுவனத்தின் தலைமை அதிகாரி அவர்களுக்கு,

வணக்கம். புகார் எண்ணைக் குறிப்பிட்டு எழுதுவதுதான் முறை. மூன்று மாதத்தில் ஐந்து எண்கள் சேர்ந்துவிட்டதால் எதை எழுதுவது என்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

விஷயம் நீங்கள் அறிந்ததுதான். எங்கள் வீடுகளில் நீங்கள் மாட்டிக் கொடுத்த வெள்ளை ரவுட்டரின் ஃபார்ம்வேரில், அதாவது பெட்டியை உள்ளிருந்து இயக்கும் மென்பொருளில், மிக ஆபத்தான ஓட்டை இருக்கிறது. பாஸ்வேர்ட் தெரியாதவனும் வெளியிலிருந்தே உள்ளே புகுந்துவிடலாம். தயாரித்த கம்பெனி அதற்கான திருத்தத்தை எப்போதோ கொடுத்துவிட்டது. எங்கள் பெட்டிகளில் மட்டும் பழைய பதிப்பே ஓடிக்கொண்டிருக்கிறது.

கடையில் வாங்கிய ரவுட்டர் என்றால் ஒரு ராத்திரி உட்கார்ந்து நானே மாற்றியிருப்பேன். உங்கள் பெட்டியில் ஃபார்ம்வேரை மாற்றும் பக்கமே கண்ணில் படாது. எங்களுக்குத் தந்திருக்கும் லாகினில் வைஃபை பெயரை மாற்றலாம், பாஸ்வேர்டை மாற்றலாம், அவ்வளவுதான். மற்றதெல்லாம் உங்கள் சர்வரிலிருந்து வந்தால் உண்டு.

ஐந்தாவது புகாருக்கு ஒரு தம்பி வந்தார். வெயிலில் வண்டி ஓட்டி வந்தவருக்கு மோர் கொடுத்துவிட்டு விவரத்தைச் சொன்னேன். பெட்டியைப் பார்த்தார், பச்சை விளக்கைப் பார்த்தார். "நெட் வருதுல்ல சார்?" என்றார். வருகிறது என்றேன். "அப்புறம் என்ன சார் கம்ப்ளைன்ட்?" ஃபார்ம்வேர் என்றேன். "அந்த பாஸ்வேர்ட் எங்ககிட்ட கிடையாது சார், ஆபீஸ்லதான் பண்ணணும்" என்றவர், கொஞ்சம் தயங்கி, "ஓடிபி ஒண்ணு வந்திருக்கும், சொல்லுங்க சார். க்ளோஸ் பண்ணலைன்னா என்னைத்தான் கேப்பாங்க" என்றார். சொன்னேன். அவர் தெருமுனை திரும்புவதற்குள் உங்கள் குறுஞ்செய்தி வந்துவிட்டது: புகார் தீர்க்கப்பட்டது. அவர்மேல் எனக்கு வருத்தமில்லை, அதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

வீட்டிலிருந்தபடியே கடைக்காரர்களுக்கு ஜிஎஸ்டி கணக்கு போடுகிறவன் நான். அவர்கள் நம்பிக் கொடுத்த லாகின்கள் எல்லாம் இந்தப் பெட்டி வழியாகத்தான் போகின்றன. எந்தப் பெயரை அடித்தால் எந்தத் தளத்துக்குப் போக வேண்டும் என்று வழிகாட்டுவது டிஎன்எஸ். உள்ளே புகுந்தவன் அந்த டிஎன்எஸ் முகவரியை மாற்றி வைத்தால், பேங்க் பெயரை நான் ஒரு எழுத்து பிசகாமல் அடித்தாலும் அவன் விரித்த பக்கத்தில் போய் நிற்பேன். பிரவுசர் எச்சரிக்குமே என்பீர்கள். அதைப் படித்துவிட்டுக் கையை எடுப்பவர்கள் எங்கள் தெருவில் எத்தனை பேர்?

சேவை மையத்தில் எல்லா நோய்க்கும் ஒரே மருந்து: "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க." அதையும் நான் குறை சொல்லவில்லை. 2016 நவம்பரில் ஜெர்மனியில் டாய்ச்ச டெலிகாம் வாடிக்கையாளர்களின் சுமார் 9 லட்சம் ரவுட்டர்கள் ஒரு தாக்குதலில் முடங்கியபோது அந்த நிறுவனமும் இதைத்தான் சொன்னது. ஆனால் அங்கே திருத்தத்தைத் தயாராக வைத்துக்கொண்டு சொன்னார்கள். ஆன் செய்த பெட்டி புது மென்பொருளைத் தானே இறக்கிக்கொண்டது. இங்கே ஆன் செய்தால் பழைய பெட்டி, பழைய ஓட்டை, அதே பச்சை விளக்கு.

இப்படியே விட்டால் எவ்வளவு காலம் ஓடும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. ரவுட்டர்களுக்குள் இருக்கும் ராம்பேஜர் என்ற மென்பொருளின் ஓட்டையை அதை எழுதியவர்கள் 2005-லேயே அடைத்துவிட்டார்கள். 2014-ல் செக் பாயின்ட் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தேடியபோதும் சுமார் 1.2 கோடி கருவிகளில் பழைய பதிப்பே இருந்தது. ஒன்பது வருடம்! மருந்து கடையில் இருந்தது, நோயாளி வீட்டுக்குத்தான் வரவில்லை.

ரீசார்ஜ் முடிய ஐந்து நாள் இருக்கும்போதே காலை ஆறரைக்கு எழுப்பிவிடுகிறீர்கள். கிரிக்கெட் பேக், பட பேக், பண்டிகை வாழ்த்து எதுவும் தவறியதில்லை. "உங்கள் ரவுட்டரில் ஓட்டை இருக்கிறது" என்ற ஒரு வரிக்கு மட்டும் உங்கள் குறுஞ்செய்தியில் இடம் கிடைக்கவில்லை போலும். பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் இப்படிப்பட்ட கருவிகளுக்கு எவ்வளவு காலம் பாதுகாப்பு அப்டேட் தருவோம் என்று தயாரிப்பாளர்கள் வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். இங்கே அப்படியொரு வரியைக் கேட்டால் மேனேஜர் மீட்டிங்கில் இருக்கிறார்.

கோபத்தில் வார்த்தை கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது ஒன்றுதான். திருத்தத்தை எங்கள் பெட்டிகளுக்கு அனுப்பிவையுங்கள். முடியாதென்றால் அந்தப் பக்கத்தைத் திறந்துவிடுங்கள், நாங்களே ஏற்றிக்கொள்கிறோம். இந்த மாடலுக்குத் திருத்தமே ஏறாது என்றால் பெட்டியை மாற்றிக் கொடுங்கள். மூன்றில் எது, எந்தத் தேதிக்குள் என்று எழுத்தில் சொல்லுங்கள். தயவுசெய்து தேதியைச் சொல்லுங்கள்.

அது நடந்த அன்று அந்தத் தம்பியை மறுபடி அனுப்புங்கள். அவர் கேட்கும் முன்பே ஓடிபியைச் சொல்லிவிடுகிறேன்.

இப்படிக்கு,
மாதம் தவறாமல் பணம் கட்டும் வாடிக்கையாளர்